மேப்பில் வைத்த ஸ்கேல்

யார்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஓடும் லொறிக்காரர், வேலை நேரத்தைத் தன் லொக்புக்கில் எழுதத் தேவையில்லை. சட்டம் தரும் சலுகை அது; முதலாளி பதிந்து வைத்தால் போதும். எங்களுடையது ஆறு பேர் வேலை செய்யும் சின்ன மரக் கம்பனி. ரோவில் என்ற ஊருக்குப் பக்கத்து யார்டிலிருந்து பைன் மரம் வெட்டும் மலைக்கு ரோட்டால் நூற்றைம்பது கிலோமீட்டர். ஆனால் சட்டம் நேர்கோட்டைத்தான் அளக்கும். முதலாளி கேட்டதும் மேப்பில் ஸ்கேலை வைத்தவன் நான். தொண்ணூற்றாறு வந்தது. எங்கள் லொறிக்காரன் வாமதேவனிடம், இனி எழுதத் தேவையில்லை என்று சொன்னதும் நான்தான்.

"லொறிக்குச் செட்டை முளைச்சிட்டுது, அண்ணை!" என்று வாமதேவன் சிரித்தான். இங்கிலீசில் எழுதுவது அவனுக்கு வேப்பெண்ணெய் குடிப்பது போல.

போன மாதம் ஒரு நாள், அன்றைய இரண்டாவது லோட்டோடு வந்தவன், வளைவில் நித்திரையாகி எதிரே வந்த காரில் மோதினான். கார்க்காரருக்குக் கால் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவனைப் பொலிசார் விசாரித்தார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"பதினாலு மணித்தியாலம் ஓட்டினனான்," என்றான்.

"முதலாளியின் பதிவில் எட்டுத்தான் இருக்கிறது. நீ எழுதியது ஏதும் உண்டா?" என்று அதிகாரி கேட்டார். தமிழில் சொன்னேன்.

வாமதேவன் என்னைப் பார்த்தான். "நீங்கள்தானே அண்ணை, எழுதத் தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்."

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். "இல்லை" என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.