கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர்

திங்கட்கிழமை, பத்து மணித் தேநீர் இடைவேளையில் ஸ்டிபே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். டயர்த் தொழிற்சாலையின் கருந்தூள் கழுவியும் போகாமல் நகக்கண்களில் இருந்தது.

"டீச்சர், ஒரு கடிதம் அடிச்சுத் தரவேணும். என்ரை வேலை அதிலைதான் கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது தொழிற்சாலை வேலையை அல்ல. மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் குரோவேஷியர்கள் நடத்திய உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவர் பயிற்சியாளர். ஸ்பிளிட் நகரில் பதினான்கு வருடங்கள் பின்களத்தில் ஆடியவர். முழங்கால் போனபிறகு இங்கே வந்து மூன்று வருடங்களாயிற்று. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். "குரோவேஷியா" என்று மெதுவாகத் திருத்துவார்.

நான் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு, 1973இல் இங்கே வந்து, அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தேன். அங்கே என்னை டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். இருவரும் பேசிக்கொண்டது இரவல் ஆங்கிலத்தில். அதை எங்கள் தமிழில் எழுதினால்தான் அவருடைய குரல் எனக்குக் கேட்கிறது.

மற்றப் பயிற்சியாளர்கள் மைதானத்தின் ஓரத்தில் போட்ட வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டிபே தன் அணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அணி பக்கம் மாறினால் அவரும் மறுமுனைக்கு நடப்பார். "பக்கத்திலை இருந்து பார்த்தா எனக்கு விளையாட்டு விளங்காது. பந்து என்னைப் பார்த்து வரவேணும்" என்பார்.

முதல்நாள் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நின்றிருக்கிறார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம். ஆளுக்கு ஒரு கோல். அப்படியே முடிந்தால் கழகம் முதற் பிரிவில் தங்கும், தோற்றால் இறங்கிவிடும். கோல் காப்பாளர் முன்னால் ஓடி ஏமாந்துபோக, பந்து வெறும் கோலை நோக்கி உருண்டு வந்தது. ஸ்டிபே மழைக்கோட்டோடும் தோற் சப்பாத்தோடும் ஓர் அடி உள்ளே வைத்து, அதை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டார்.

வெளியாள் தொட்ட பந்துக்குக் கோல் இல்லை என்றது விதி. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. எதிரணி முறையிட, வியாழக்கிழமை மத்தியானம் லீக்கின் குழு விசாரிக்கப்போகிறது.

"சறுக்கினது எண்டு எழுதச் சொல்லுறார் எங்கடை கழகத் தலைவர். மழை பெய்த நிலம், நம்புவினமாம். அப்பிடிச் சொல்லாட்டில் வேறை பயிற்சியாளர் பார்ப்பினமாம்."

"உண்மையிலை சறுக்கினதோ?"

"இல்லை. சறுக்கியிருந்தா அவ்வளவு வடிவா அடிச்சிருக்கேலாது."

சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வந்து போனது. அவர் அதை மறைப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

"அப்ப, வேணுமெண்டு அடிச்சனீங்களோ?"

குனிந்து தன் காலைப் பார்த்தார். "அதுதான் எனக்கும் தெரியேல்லை. நான் விளையாட்டை விட்டிட்டன் எண்டு காலுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அன்றைக்குச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் தனபாலன் புரைக்கேறச் சிரித்தார்.

"சறுக்கினது எண்டு அடிச்சுக் குடுத்திட்டு விடுமன், வதனா. உமக்கென்ன வந்தது?"

"அவர் சறுக்கேல்லையப்பா."

"போன மாசம் மனேச்சற்றை கடிதத்தைச் சிவப்புப் பேனையாலை திருத்திப்போட்டு வந்து நீர் என்ன சொன்னனீர்? கை தானாய்ப் போட்டுதாம். அதை மனேச்சருக்குச் சொன்னனீரோ?"

நான் சொல்லவில்லை. வேறு யாரோ கிறுக்கிய தாள் தவறிக் கலந்துவிட்டது என்று சொன்னேன். மனேச்சர் நம்பினார். வேலை தப்பியது. ஆனால் அந்தச் சிவப்புக் கோடுகளை இழுத்த அரை நிமிடத்தில், மூன்று வருடங்களில் முதற்தடவையாக நான் நானாக இருந்தேன். அதைத்தான் வேறு யாரோ என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு ஆறிப்போனது. தனபாலன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அடுத்த நாள் இரண்டு கடிதங்கள் அடித்தேன். ஒன்றில் அவர் சறுக்கினார். மற்றதில் உதைத்தார். சறுக்கினதைத்தான் கூடுதல் கவனத்தோடு எழுதினேன், ஈரப் புல், தேய்ந்த சப்பாத்து எல்லாம் சேர்த்து. அவர் அதை எடுத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் விரும்பினேன். என் பொய்க்கு ஒரு துணை கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

வியாழன் காலை இரண்டையும் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து வாசித்தார்.

"வடிவாய் எழுதியிருக்கிறியள் டீச்சர். ஆனா சறுக்கின இந்த ஆளை எனக்குத் தெரியாது."

அதை நான்காக மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டு, மற்றதோடு போனார்.

குழு அவரை நான்கு வாரம் மைதானத்துக்குள் வரக்கூடாது என்றது. ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொன்னது. அவர் வேலிக்கு வெளியே நின்று பார்க்க, அணி இரண்டு கோலால் தோற்றுக் கீழே இறங்கியது. அடுத்த கிழமை கழகம் வேறொருவரை வைத்துக்கொண்டது. தொழிற்சாலையில் அவருடைய ஆட்களே மூன்று நாள் அவரோடு தேநீர் குடிக்கவில்லை.

நான்காம் நாள் மறுபடியும் என் மேசைக்கு வந்தார். சிட்னியில் ஒரு கழகம் பயிற்சியாளர் தேடுகிறதாம்.

தாளை ஏற்றி அடித்தேன். பின்கள வீரர், பதினான்கு வருடங்கள். பயிற்சியாளர், மூன்று வருடங்கள். விலகிய காரணம் என்ற இடத்தில் என் விரல்கள் நின்றன.

"இதை விடுவமோ, ஸ்டிபே? அவையள் கேட்டால் பிறகு பார்க்கலாம்."

"போடுங்கோ, எல்லாம் போடுங்கோ. என்னை எங்கை நிக்கவைக்கிறது எண்டு அவையளுக்கும் தெரியவேணுமெல்லே" என்று சிரித்தார்.

போட்டேன். அடித்து முடியும்வரை கதிரையில் இருக்கச் சொல்லியும் அவர் இருக்கவில்லை. எனக்குப் பின்னால், இடது பக்கமாக ஓர் அடி தள்ளி, முழுத் தாளும் தெரிகிற இடத்தில் நின்றார்.

கையெழுத்திட்டுக்கொண்டு அவர் போனபிறகு, மேசை லாச்சிக்குள் இருந்த சிவப்புப் பேனையை எடுத்தேன். மனேச்சரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய்த் தட்டினேன்.