கவர் கிழிக்காத லேப்டாப்

"என் லேப்டாப்பை என்கிட்டக் குடுங்க" என்றாள் காளீஸ்வரி.

அந்த வீட்டில் கேட்கக் கூடாதவை நிறைய உண்டு. சித்தப்பா ஏன் வருவதில்லை என்று கேட்கக் கூடாது. கறிக்குழம்பு வைத்த அன்று காரணம் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே இது. அவள் கல்லூரி முடித்துப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே அம்மா பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். "என்ன வேணும்னாலும் கேளு. அதை மட்டும் என்னுதுன்னு கேட்டுராத."

கேட்டுவிட்டாள். கூரை விழவில்லை. மின்விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

லேப்டாப் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வந்த நாளிலிருந்து அதன் இடம் அதுதான். அப்பா சங்கிலி ஒரு ஸ்டூலுக்கு மாறிவிட்டார். சின்ன லேப்டாப். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கும்போதே தலையைச் சொறிந்தார். "அன்றாட வேலைக்கு ஆகும்மா. லெட்டர் அடிக்கலாம், படம் பாக்கலாம். ரொம்ப எதிர்பாக்காதீங்க" என்றார்.

வீட்டில் ரொம்ப எதிர்பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் குங்குமம். திரையில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை யாரும் கிழிக்கவில்லை. கிழித்தால் பழசாகிவிடும். எழுத்துக் கட்டைகளின் மேல் ஒரு கவர். அந்தக் கவர் அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன்மேல் இன்னொரு கவர். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூத்துண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் காபி லேப்டாப்புக்கு. ஆறியபிறகு அதை அப்பா குடிப்பார்.

தட்டும் உரிமை காளீஸ்வரிக்கு மட்டும். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். தெருவிலும் அவள்தான். ஆகவே தெருவுக்கே அவள் தட்டினாள். கரண்ட் பில் கட்டினாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தாள். பத்தாவது ரிசல்ட் பார்த்தாள், தோற்றவர்களின் அம்மாக்களிடம் திட்டும் வாங்கினாள். விதி ஒன்றே ஒன்று. முதலில் படித்தவள் தனக்கென்று ஓர் எழுத்தும் தட்டக் கூடாது. தட்டினால் படிப்பு இறங்கிவிடும் என்றார்கள். எங்கே இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வரிசை வீட்டுக்குள்ளேயே நின்றது. வரிசைக்குத் தகுந்தபடி கூடமும் நீண்டது. மழைநாளில் கூடம் சுருங்கிக் கிடக்கும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் அடுப்படிக்குப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

முக்கால்வாசிப் பேர் போட்டோவைச் சுருக்க வந்தார்கள். எந்த விண்ணப்பமானாலும் போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறாது. காளீஸ்வரி சுருக்கிக் கொடுப்பாள். ஆட்களும் அந்த அளவுக்குச் சுருங்கி வீட்டுக்குப் போவார்கள். எதிர்வீட்டு ஒச்சம்மா கண்ணில் பட்ட திட்டத்துக்கெல்லாம் விண்ணப்பித்துவிட்டு, இப்போது ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் குறைக்கணும்னு கேக்குது தாயி" என்றாள் டம்ளருக்குள்ளிருந்து.

"இதுக்கு மேல குறைச்சா மூஞ்சி தெரியாது அத்தை."

"மூஞ்சி யாருக்கு வேணும்? அப்ளிகேஷன் ஏறுனாப் போதும்."

பக்கத்து வீட்டுத் தர்மர் மாமா கூடத்தின் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார். பென்ஷன்காரர். உயிரோடு இருப்பதற்குச் சான்று ஏற்ற வந்தவர். பாதி ஏறும்போது திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, அவரும் சுற்ற ஆரம்பித்தார். அது போன வாரம். அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. அவருடைய வீட்டம்மா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாய் இட்லி ஊட்டினார். பூ வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

காளீஸ்வரிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் கடிதம் அனுப்பியிருந்தார்கள். வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். வருகிறேன் என்று ஒரு சொல் தட்டி அனுப்ப வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். ஒரு சொல். தெருவுக்கு லட்சம் சொல் தட்டிய கை அது.

"அது உன்னுதுன்னு யாரு சொன்னா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"என் பேர்லதான பில்லு இருக்கு."

"பில்லுல பேரு இருந்தா உன்னுதாகிருமா? அடுப்பு எம்பேர்லயா இருக்கு? நான் சமைக்கலையா?"

கேள்வியே வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அப்பா ஸ்டூலில் அசைந்து உட்கார்ந்தார். "பீரோவுக்குள்ள ஆபீஸ் இருக்குல்ல. அங்க போய்க் கேட்டுட்டு வாத்தா. அவங்க தந்தா எடுத்துக்க" என்றார்.

அவள் லேப்டாப்பைத் துண்டோடு தூக்கினாள். கனமே இல்லை. இதையா எல்லாரும் இவ்வளவு பெரிதாகச் சுமந்தோம் என்று நினைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைகளை விலக்கினால் தாழ்வாரம் வந்தது. அவள் நடக்க நடக்க அது நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. அவள் நிற்கப் போவதுபோல் பாவனை செய்து, சட்டென்று ஓடினாள். தாழ்வாரம் ஏமாந்துவிட்டது. ஜன்னல் வந்துவிட்டது.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மேடம் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன உபயோகத்துக்கு?" என்றார் மேடம்.

"சொந்த உபயோகத்துக்கு."

"அப்படி ஒண்ணு இல்லையேம்மா. பிறர் உபயோகம் இருக்கு. பொது உபயோகம் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் உபயோகம் இருக்கு."

"எனக்கு ஒரு மெயில் அடிக்கணும்."

"எனக்குன்னா யாருக்கு?"

"எனக்குத்தான்."

மேடம் எட்டி அவளுக்குப் பின்னால் பார்த்தார். "கூட யாரும் வரல?"

"இல்ல."

"தனியா வந்து நின்னுக்கிட்டா எனக்குங்கிற?" மேடம் ஊறுகாயை நக்கினார். "சரி, நீ இருக்கேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

காளீஸ்வரி முதல் பட்டதாரிச் சான்றிதழை நீட்டினாள். கல்லூரியில் சேர்வதற்காக வாங்கியது. மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்க குடும்பத்துல பட்டதாரி யாருமே இல்லைன்னு சொல்ற சான்று. நீ இருக்கேன்னு இதுல எங்க இருக்கு?"

அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். இல்லைதான்.

"பரவால்ல. ஓடிபி அனுப்புறேன்" என்றார் மேடம்.

"எந்த நம்பருக்கு?"

"உங்கப்பா நம்பருக்குத்தான். வேற எந்த நம்பருக்கு?"

அது சரி. அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. ஆனால் பேங்க், ஆதார், கல்லூரி எல்லாம் அப்பா நம்பரில்தான். அவளைப் பற்றி உலகம் எது சொன்னாலும் முதலில் அப்பாவின் சட்டைப்பையில்தான் ஒலிக்கும்.

தாழ்வாரத்தில் ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவே வந்தார். மூச்சிரைத்தது.

"நான்தான் வந்திருக்கேன்" என்றார்.

"ஓடிபி வந்தாச்சு" என்றார் மேடம். "கொஞ்ச நேரந்தான் செல்லும். யார்கிட்டயும் சொல்லிரக் கூடாது."

"பெத்த மககிட்டயுமா?" என்றார் அப்பா.

"யார்கிட்டயும்னா யார்கிட்டயுந்தான்."

"சொல்லாம அவ எப்படி அடிப்பா?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

அப்பாவுக்குக் கால் விரல்கள் மங்க ஆரம்பித்தன. செருப்பு மட்டும் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார்.

"சொல்லுங்கப்பா."

"சொன்னா நீ போயிருவ."

"ஆமா."

"சொல்லலைன்னா?"

"இங்கனயே கெடப்பேன். தெனமும் உங்க மேல கோவமா கெடப்பேன்."

அப்பா யோசித்தார். முழங்கால் போயிற்று. "ஓசூர் குளிரும்பாங்களே" என்றார்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிறேன்."

"சோறு?"

"ஆக்கித் திங்கிறேன். இத்தனை பேருக்கு ஆக்குனவதான?"

"தெருவுக்கு யாரு தட்டுவா?"

அங்கேதான் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "தெருவுக்குக் கை இல்லையா? நான் படிச்சது தெருவுக்கு விரலாகுறதுக்கா? ஒருத்தராவது என்னப் பாத்து உனக்கு எதுவும் அடிக்கணுமான்னு கேட்டீங்களா?"

இடுப்புவரை போய்விட்டது. மிச்சமிருந்த அப்பா அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நான் கேக்கணும்னு நெனச்சேன் தாயி. கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியேன்னு..." என்றார். பிறகு சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தார். அது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் காலாவதியாகிவிட்டார்.

செருப்பு நின்றது.

"போயிருச்சு" என்றார் மேடம். "மறுபடி அனுப்பவா? ரெண்டாந்தடவை வர்றப்ப ஆளு கொஞ்சம் இளைச்சு வருவாரு. அதுக்கு மேல சில அப்பாக்கள் வர்றதே இல்ல."

"வேண்டாம். அவரை விட்டுருங்க."

"அப்ப பெர்மிஷன்?"

காளீஸ்வரி ஜன்னல் திட்டில் லேப்டாப்பை வைத்தாள். துண்டை உருவினாள். மேல்கவரை எடுத்தாள். கீழ்க்கவரை எடுத்தாள். திரையின் மூலையில் நகத்தை விட்டு அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று முழுசாக வந்தது. அடைத்திருந்த காது திறந்ததுபோல் இருந்தது. இத்தனை நாளும் எழுத்தெல்லாம் நீலமாக, கொப்புளம் கொப்புளமாகத் தெரிந்தது. எழுத்து கறுப்பு என்று இப்போதுதான் தெரிந்தது.

கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்பியது. மலிவுச் சரக்கு. ஆனால் கிளம்பியது.

அவள் முதல் எழுத்தைத் தட்டினாள். விழாது என்றுதான் நினைத்தாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. வருகிறேன் என்று திரையில் நின்றது. அனுப்பினாள். போய்விட்டது. எந்தப் படிப்பும் இறங்கவில்லை. கணக்குப் பாடத்தில் ஒன்றிரண்டை மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

"அடிச்சிட்டியா?" என்றார் மேடம்.

"அடிச்சிட்டேன்."

"வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது."

மேடம் கையை உதறிவிட்டு எழுந்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் அடிச்சுப் பாத்ததில்லம்மா. ஆதாரம் எடுத்துட்டு வாறேன்னு போவாங்க, அப்படியே போயிருவாங்க." அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு லெட்டர் இருக்கு. டிரான்ஸ்பர் கேட்டு. நீயே அடிச்சுக் குடுத்திரேன், ஒம் விரல்தான் பழகுன விரலு."

"நீங்களே அடிங்க மேடம். விழும்."

"விழுமா?"

"விழும்."

செருப்பை எடுத்துக்கொண்டு அவள் திரும்பினாள். தாழ்வாரம் நீளவில்லை. அதற்கும் அலுத்துவிட்டது போல. புடவைகளை விலக்கிக் கூடத்துக்குள் இறங்கினாள்.

அப்பா ஸ்டூலில் முழுசாக இருந்தார். இரண்டு முழங்காலையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கு" என்றார். முகம் தெளிந்திருந்தது. அவள் செருப்பைக் காலடியில் போட்டாள்.

தர்மர் மாமா நின்றுவிட்டார். தலைசுற்றலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு, "உயிரோடதான் இருக்கேனாம்" என்று வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னார். அவருடைய வீட்டம்மா பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, முதல் வேலையாக அவரைத் திட்ட ஆரம்பித்தார்.

பஞ்சவர்ணம் லேப்டாப்பைப் பார்த்தாள். "அடிப்பாவி, கவரைக் கிழிச்சிட்டியா!"

"கிழிச்சிட்டேன்."

"பழசாகிருமேடி."

"ஆகட்டும்மா. பழசாகுறதுக்குத்தான் வாங்குனது."

வரிசை முணுமுணுத்தது. டம்ளருக்குள்ளிருந்து ஒச்சம்மா, "அப்ப எங்கள யாரு தாயி சுருக்குவா?" என்று கேட்டாள்.

"யாரும் சுருங்க வேண்டாம் அத்தை. ஏறலைன்னா அவங்க எடத்தைப் பெருசாக்கட்டும்." அவள் பையில் இரண்டு சுடிதாரைத் திணித்தாள். லேப்டாப்பை நடுவில் செருகினாள். "கடையில இதே மாதிரி அடுக்கி வெச்சிருக்கான். சின்னது, மலிவு. ஆளாளுக்கு வாங்கித் தட்டுங்க. உடையாது. காபி மட்டும் வைக்காதீங்க, அது குடிக்காது."

அம்மா நாற்காலியைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. சும்மா இருக்கட்டுமே என்று முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்தாள். பிறகு, வேறு யாரும் உட்காரும் முன், தானே உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள் பொதுவாக.

"போய்த்தான் ஆகணுமாத்தா?" என்றார் அப்பா.

"அனுப்பியாச்சுப்பா."

அவர் தலையாட்டினார். "சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"தெரியும்."

வரிசை விலகி வழிவிட்டது. எதற்கு விலகுகிறோம் என்று அதற்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. காளீஸ்வரி வாசலைத் தாண்டினாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால், திறக்கச் சொல்லி யாராவது அவளைத்தான் கூப்பிடுவார்கள்.