சத்தம் கேட்காத ஊர்

பதினாலு மாதம் வாயைத் திறக்காமல் கிடந்த என் அண்ணன் ஸ்ரீராம்குமார், ஒரு நாள் காலையில் எழுந்து வந்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்றான். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளை முந்திக்கொண்டு, "சரிண்ணே" என்றேன். யானை கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாரணாபுரத்தில் எங்கள் மாமாவின் பட்டாசுக் கம்பெனியில் அண்ணன் சூப்பர்வைசர். அவனோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றிய சங்கிலிமுத்து அங்கே ஃபோர்மேன். ஒரு நாள் மருந்து கலக்கும் அறை வெடித்தது. எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்குச் சேருகிற அன்றைக்கே சொல்லிக் கொடுப்பார்கள்: பொறி தெரிந்தால் ஓடு, திரும்பிப் பார்க்காதே. அண்ணன் ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. முத்து வெளியே வரவே இல்லை. பின்னால் "ராமு" என்று முத்துவின் குரல் கேட்டது என்பதை அன்றைக்கு ராத்திரி என்னிடம் மட்டும் சொன்னான், அதோடு பேச்சு நின்றது.

"நீ சரியாத்தானப்பா செஞ்சே" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களை எல்லாம் ஓர் அறை விடலாமா என்று இருக்கும் எனக்கு. சரியாகச் செய்தவனுக்குத் தூக்கம் ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

சிவகாசியில் வெடிச் சத்தம் இல்லாத நாள் கிடையாது. அதனால் விருதுநகரில் வீடு பிடித்து அவனை அங்கே கொண்டுவந்து வைத்தோம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்தான். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மாத்திரை, மதுரை டாக்டர், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன், எல்லாம் ஆயிற்று. பங்குனியில் ஒரு நாள் அவனைக் காணோம். ஆனைக்குட்டம் அணைச் சுவர்மேல் நின்றவனை மீன் பிடிக்க வந்தவர் ஒருத்தர் பேச்சுக் கொடுத்து இறக்கிக் கூட்டி வந்தார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கார். போனில் சத்தத்தை அணைத்துவிட்டு ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டுகிற வீடியோக்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். வளைவுகளில் கார் வழுக்குவதும் திரும்பி நேராவதும் சத்தமே இல்லாமல்.

"கோயம்புத்தூர்ல யாரு வேணா காசு கட்டி ஓட்டலாம் அனு. சொந்த வண்டி கொண்டு போகணும். ஒரு நாள் ஓட்டிப் பாக்கேன். கை நடுங்காம ஓட்டிட்டேன்னா இருந்துருவேன். இல்லன்னா, பொறவு என்னைய நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது."

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எங்கள் அச்சகத்தில் பட்டாசு லேபிள் ஆர்டர்களைப் பார்ப்பது என் வேலை. அங்கே உட்கார்ந்து லேபிளைப் பார்க்காமல் பழைய கார்களைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் மதுரையில் ஒன்று. சிவப்பு நிறம், கூரை திறக்கும், உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அண்ணன் குனிந்து, கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினான். புது பெயின்ட்டோடு தகரம் அப்பளமாக உதிர்ந்தது. "மேக்கப்" என்று சொல்லிவிட்டு நடந்தான். பதினாலு மாதத்தில் அவன் அடித்த முதல் கிண்டல் அது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன்.

இரண்டாவது காரியாபட்டியில். தங்கப்பாண்டியன் என்று ஒரு விவசாயி. அவர் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரெண்டு கதவு ஜப்பான் கார், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் உரமூட்டைகளோடு நின்றது. இருபது வயதுக்கு மேல் ஆன வண்டி. வெயிலில் நிறம் வெளுத்து, உள்ளே கோழி முட்டையிட்டு வைத்திருந்தது.

"மருமகன் ஓட்டுனதோட சரிங்க. நமக்கு இதுல ஒரு மூட்டை வெங்காயம் ஏத்த முடியாதுல்லா?" என்றார் தங்கப்பாண்டியன்.

அண்ணன் மண்ணில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போனான். அரை மணி நேரம் வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடியில துருவே இல்ல அனு. சட்டம் நேரா இருக்கு. இதான் வண்டி."

விருதுநகர் பைபாஸ் ஓரத்தில் சிவகாசியிலிருந்து வந்து கடை போட்ட உக்கிரபாண்டி அண்ணாச்சியின் ஒர்க்ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அண்ணாச்சி ஆள் பெரிய வாயாடி, வேலையில் புலி. வண்டியின் வேகத்தைக் கூட்டலாமா என்று அண்ணாச்சி கேட்டதற்கு அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினான். "வேகம் இருக்குறதே போதும் அண்ணாச்சி. மொதல்ல நிக்கணும்." அதனால் பிரேக்கிலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, சூட்டில் கொதிக்காத பிரேக் ஆயில். புது பேட், புது ஹோஸ். அப்புறம் ரேடியேட்டர், டைமிங் பெல்ட், நல்ல டயர். பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னால் ரெண்டு ரேஸ் சீட், தோளுக்கும் இடுப்புக்குமாக நாலு பக்கம் இறுக்குகிற பெல்ட்.

அண்ணன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வேலை செய்வான். பானட்டைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்து இரும்புத் தூணில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுப்பான். மருந்து அறைக்குள் போகும் முன் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க செப்புத் தகட்டைத் தொடுகிற பழக்கம் அது. முதல் நாள் ஒரு ஸ்பானர் தரையில் விழுந்தபோது அவன் ரோடு வரைக்கும் ஓடிவிட்டான். மறுநாள் போனால் அண்ணாச்சி ஒர்க்ஷாப் தரை முழுக்கச் சாக்கு விரித்திருந்தார். எந்தச் சாமானும் விழுந்து சத்தம் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷர். அதை நான் மறந்தால் எனக்கு நல்ல சாவு வராது.

ரெண்டு மாதத்தில் அண்ணன் சாப்பிட ஆரம்பித்தான். காதில் வைத்த பஞ்சு மட்டும் மிச்சம் இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அம்மா என்னைத் தனியாக அழைத்து, "பையன் பொழச்சுட்டானாடி?" என்று கேட்டாள். "கோயம்புத்தூர் போயிட்டு வரட்டும்மா" என்றேன்.

கடைசி வாரம் பழைய சைலென்சர் பிடி விட்டுக் கழன்று விழுந்தது. புதன்கிழமை அண்ணாச்சி புதுக் குழாய் போட்டார். வியாழக்கிழமை வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும். அண்ணன் ஹெல்மெட் வாங்க மதுரை போயிருந்தான். நானும் அண்ணாச்சியும் வண்டியை ஆனைக்குட்டம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஆள் இல்லாத நேர் ரோடு. அண்ணாச்சி நன்றாக மிதித்து ஓட்டி, சட்டென்று காலை எடுத்தார்.

பட், பட பட், டமார்.

"எந்தக் கம்பெனிலயோ வெடி டெஸ்டிங்கு போடுதான்" என்றார் அண்ணாச்சி.

"சீசன்லா" என்றேன் நான்.

இன்னும் ரெண்டு தரம் ஓட்டினோம். இன்னும் ரெண்டு தரம் கேட்டது. நான் வெளியே திரும்பிப் புகை தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன். வேறு எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும், குழாய் ஜாயிண்டில் காற்று இழுக்கிறது, அதனால் வண்டி வெடிக்கிறது என்று அந்த நிமிஷமே வண்டியை நிறுத்தியிருப்பான். நாங்கள் சிவகாசிக்காரர்கள். வெடிச் சத்தத்தை ஒரு சத்தமாகவே எங்கள் காது எடுத்துக்கொள்ளாது.

சனிக்கிழமை கோயம்புத்தூர் ட்ராக். அண்ணாச்சியும் கூட வந்திருந்தார். "நீ பக்கத்துல உக்காந்தாத்தான் ஓட்டுவேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். புதிதாக வருகிறவர்களின் குழுவில் துணைக்கு ஒருத்தர் உட்காரலாம் என்றார்கள். அவனே என் பெல்ட்டை மாட்டி, இழுத்து இறுக்கினான். கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை.

முதல் சுற்று முன்னால் போன வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போனோம். வளைவு எங்கே, எங்கே பிரேக் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரெண்டாவது சுற்றில் நேர்ப் பாதை வந்ததும் மிதித்தான். சீட் என்னைப் பின்னால் அமுக்கியது. ஹெல்மெட்டுக்குள் அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சிரித்தான். "அனு, பாரு!" என்றான். வளைவுக்காகக் காலை எடுத்தான்.

பட், பட பட், டமார்.

அந்த நொடியில்தான் எனக்கு ஆனைக்குட்டம் ரோட்டில் கேட்டது என்னவென்று புரிந்தது. அடிப்பாவி, நீயே காதால் கேட்டாயே! கத்த வாய் திறப்பதற்குள் வண்டி புல்லில் இறங்கிக் குறுக்கே நின்றது. அண்ணன் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து ஓடினான். கற்றுக் கொடுத்தபடியே ஓடினான், குனிந்து, கையை முன்னால் நீட்டி, ட்ராக் ஓரத்துக் குட்டைச் சுவரைப் பார்த்து.

எனக்கு அந்தப் பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. எங்கே அழுத்தினாலும் விடவில்லை. பின்னால் வளைவிலிருந்து வேறு வண்டிகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பயத்தில் வேறு ஒன்றும் தோன்றவில்லை, "அண்ணே!" என்று உயிர் போகக் கத்தினேன்.

சுவருக்குப் பத்தடி இருக்கும்போது அண்ணன் நின்றான். நின்று, திரும்பிப் பார்த்தான்.

திரும்பி வந்தான். ஓடிய வேகத்தைவிட அதிகமாக ஓடி வந்தான். ஒரு திருகில் என் பெல்ட்டைக் கழற்றி, அக்குளில் கை கொடுத்து இழுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் என்னைத் தள்ளி, என் மேலேயே விழுந்து மூடிக்கொண்டான். எங்கோ சிவப்புக் கொடி ஆட்டினார்கள், வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு தூரத்தில் ஓடி வந்தார். வெடிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. எங்கள் வண்டி புல்லில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் என் இரண்டு காதையும் பொத்தியிருந்தான். அவன் உடம்பு முழுக்க நடுங்கியது.

"முத்து, ஒண்ணுமில்லலே. வெளிய வந்துட்டோம்லே. கண்ணத் தொறலே முத்து."

அண்ணே, நான் அனு, அது சைலென்சர் சத்தம், தப்பு என்னுடையது. சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவனுக்கு என்ன மிஞ்சும்? சைலென்சருக்குப் பயந்து ஓடியவன் என்ற பெயர். கை நடுங்கிவிட்டது என்ற கணக்கு. அப்புறம் அந்த அணைச் சுவர்.

பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வந்துட்டேம்லே ராமு" என்றேன். "நீ திரும்பி வந்தேல்லா. அது போதும்லே."

அவன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இத்தனை மாதமும் அழாத அழுகையை அழ ஆரம்பித்தான். வந்தவர்கள் சுற்றி நின்று ஏதேதோ கேட்டார்கள். அண்ணாச்சி மட்டும் யாரையும் கிட்டே விடாமல் கையை விரித்து நின்றார். அவன் அழுது முடிகிற வரைக்கும் நான் சங்கிலிமுத்துவாகவே கிடந்தேன்.