கொடுவாவுக்கு ஒரு பொய் இறால்

செசிலியாவின் விரல் நுனிகள் மரத்துப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மார்பில் வந்த கட்டியை எடுத்தாயிற்று. கீமோ மருந்து ஆறு தவணை ஏற்றியாயிற்று. கொட்டிய முடிகூட எலிக்குஞ்சுக்கு இருப்பதுபோல முளைக்கத் தொடங்கிவிட்டது. உயிருக்குப் பயமில்லை என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். விரல்கள்தான் திரும்பி வரவில்லை. மருந்தோட வேலை அது, மெல்லத்தான் சரியாகும், சிலருக்கு முழுசா ஆகாமலும் போகலாம் என்றார்கள்.

பழவேற்காடு கடைத்தெருவில் பதினாறு வருடமாக ரவிக்கை தைத்தவள் அவள். இப்போது ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ரவிக்கைக்குக் கொக்கி வைக்கப்போனால், கொக்கி விரலிடுக்கில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு பேருடைய துணியைப் பாழாக்கிய பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்தாள். அறுவை செய்த பக்கம், வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கவும் முடியவில்லை. பொன்னேரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் மனோஜ்தான் மேல்தட்டு டப்பாக்களையெல்லாம் கீழே இறக்கி வைத்தான். அவனே சமைத்தான். மீன் மட்டும் வாங்கி வரவில்லை. மருந்து ஏற்றத் தொடங்கிய நாள் முதல் மீன் வாடை வந்தாலே செசிலியாவுக்குக் குமட்டியது. தெருவெல்லாம் மீன் மணக்கும் ஊரில் ஏழெட்டு மாதமாக ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

கார்த்திகை தொடங்கிய சமயம், ஒரு சனிக்கிழமை, ஆவடியிலிருந்து கோமளா வந்தாள். ஆஸ்பத்திரியில் கிடைத்த சிநேகிதி. கோமளாவுக்கும் அதே நோய்தான், இரண்டு வருடம் முன்னால். மறுபரிசோதனைக்கு வந்தவள், மருந்து ஏறிக்கொண்டிருந்த செசிலியாவின் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "வாந்தி வர்ற மாதிரி இருந்தா மோந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் போன் வந்தது. தபால் ஆபீசில் வேலை. லீவு நாளில் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு ஏரி, முகத்துவாரம் என்று கிளம்பிவிடுகிறவள்.

அன்று அவள் பையிலிருந்து எடுத்து வைத்தவை வேடிக்கையாக இருந்தன. மேஜை விளிம்பில் மாட்டுகிற, கட்டைவிரல் அளவே வாயுள்ள, சாமானைக் கவ்விப் பிடிக்கும் ஒரு குட்டி வைஸ். சிறிய நூல்கண்டுகள். ஒரு டப்பா நிறையத் தூண்டில் முள். வெள்ளைச் சேவலின் கழுத்து இறகு ஒரு கொத்து, ஆட்டு வால்மயிர் ஒரு பிடி.

"இன்னாக்கா இது, கோழிக்கடையில வாரிக்கினு வந்தியா?"

"பாதி அங்கதான்" என்று சிரித்தாள் கோமளா. பிறகு ஒரு முள்ளை வைஸில் பொருத்தி, நூலைச் சுற்றி, இறகை வைத்து, மயிரை வைத்துக் கட்டினாள். பத்து நிமிடத்தில் முள் இருந்த இடத்தில் ஒரு இறால் இருந்தது. மீசையும் காலும் வைத்த இறால். "ஃப்ளைன்னு பேரு. ஈன்னு அர்த்தம், ஆனா ஈ இல்ல. இறாலு, குஞ்சு மீனு, எத வேணாலும் கட்டலாம். நெசத் தீனின்னு நம்பி மீன் வந்து கவ்வும். நீ எனக்குக் கட்டிக் குடு."

"எனக்கு விரலே இல்லக்கா. நீ வேற."

"எனக்கும் இல்லாமத்தான் இருந்துச்சு. இத கட்டிக் கட்டித்தான் வந்துச்சு. வராமப் போனாலும் நஷ்டம் இன்னா, நாலு இறகுதான?"

அவள் போன பிறகு மூன்று நாள் அந்தச் சாமான்களை செசிலியா தொடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் சும்மா ஒரு முள்ளை வைஸில் வைத்தாள். நூல் நழுவியது. இறகு பறந்துபோய் விசிறிக்கு அடியில் சுழன்றது. சாயங்காலம் வரை போராடி அவள் கட்டியதைப் பார்த்த மனோஜ், "இது இன்னா, கரப்பானா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "நல்ல கரப்பான்தான்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளும் கட்டினாள். ரவிக்கையைவிட இது தேவலை. கெட்டுப்போனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பிளேடால் அறுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பூட்டிக் கிடந்த கடையிலிருந்து வெள்ளி ஜரிகை நூலை மனோஜிடம் கொண்டுவரச் சொல்லி இறால் வயிற்றில் சுற்றிப் பார்த்தாள். வெயிலில் பிடித்தபோது உயிருள்ள இறால்போலவே மின்னியது. கறுப்புப் பாசிமணியில் கண் வைத்தாள். மார்கழி பிறந்தபோது கரப்பான்கள் நின்று இறால்கள் வரத் தொடங்கியிருந்தன. முள் அடிக்கடி விரலில் ஏறியது. ரத்தம் வந்த பிறகுதான் குத்தியதே தெரியும். துடைத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு காலை வேளை, முடிச்சை இறுக்குகையில் ஆள்காட்டி விரலில் சுரீர் என்றது. செசிலியா விரலை உதறினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விரல் நுனியில் இன்னும் ரத்தம்கூடத் துளிர்க்கவில்லை. ரத்தத்துக்கு முன்னால் வலி வந்திருந்தது.

போனை எடுத்தாள். கோமளா ஆபீசில் இருப்பாள் என்பதெல்லாம் நினைவில்லை. "அக்கா, வலிக்குதுக்கா!"

"ஐயையோ, எங்கடி?"

"வெரல்லக்கா. முள்ளு குத்திச்சு. வலிக்குது!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "இன்னொரு தரம் குத்திப் பாத்தியா?" என்றாள் கோமளா.

"பாத்தேன். அதுவும் வலிக்குது."

தபால் ஆபீசில் நின்றுகொண்டு ஒருத்தியும், வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியும் அழுதார்கள், அழுதபடியே சிரித்தார்கள்.

தை பிறந்ததும் கோமளா நாள் குறித்துவிட்டாள். "கட்டினவ ஒரு தரமாச்சும் தண்ணியில போட்டுப் பாக்க வேணாமா? வா, ஏரிக்குப் போவோம்." வெட்கமான விஷயம் ஒன்றைச் செசிலியா அப்போது சொன்னாள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்து முப்பத்தெட்டு வயதாகியும் அவள் படகில் ஏறியதில்லை. அப்பா கட்டட வேலை, இவளுக்குத் தையல். ஏரி எப்போதும் மீன்காரர்களுடையது என்றே இருந்துவிட்டாள்.

கோட்டைக்குப்பத்து எல்லப்பனின் ஃபைபர் படகு. மனோஜின் பழைய சவாரி, நல்ல பழக்கம். மனோஜும் துணைக்கு ஏறிக்கொண்டான். கோமளாவின் ராடையும் ரீலையும் ஆரஞ்சு நிற லைனையும் எல்லப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கயிறு இம்மாந் தடிமன். முனையில மெல்லிசா தங்கூசி நரம்பு. அதுக்கும் முனையில கோழி ரெக்கை. மீனு இன்னா பைத்தியமா யக்கா?"

"பாப்போம் எல்லப்பா" என்றாள் கோமளா.

விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முகத்துவாரத்துக்குத் தெற்கே எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லப்பன் கழி ஊன்றித் தள்ளினான். தண்ணீர் தெளிந்து, அடியில் நண்டு போன தடம் தெரிந்தது. முழங்கால் ஆழத்தில் மூவரும் இறங்கினார்கள். "காலைத் தூக்கி வெக்காதீங்க, தேச்சிக்கினே வாங்க. திருக்கை படுத்துனு இருக்கும்" என்றான் எல்லப்பன், படகில் இருந்தபடியே.

முதல் ஒரு மணி நேரம் செசிலியாவுக்குக் கூத்தாகவே போனது. தோளைத் தூக்காமல் முழங்கையிலிருந்து வீச வேண்டும் என்று கோமளா சொல்லிக் கொடுத்தாள். லைன் பின்னால் போய் நீள்வதற்குள் இவள் முன்னால் இழுத்தாள். ஒரு தரம் காலைச் சுற்றியது. ஒரு தரம் முள் மனோஜின் சட்டைக் காலரில் மாட்டியது. "பெரிய மீனு யக்கா, விடாத!" என்று எல்லப்பன் படகில் உருண்டு உருண்டு சிரித்தான். மடவை மீன் கூட்டம் ஒன்று பக்கத்திலேயே வந்து, பொய் இறாலை ஏறிட்டும் பார்க்காமல் போனது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குத் தாளம் பிடிபட்டது. பின்னால் வீசு, பொறு, முன்னால் விடு. அந்தப் பொறுப்பதுதான் எல்லாம். வீசிக்கொண்டே இருந்தவள், தன் கை காதுக்கு மேலே போய்ப் போய் வருவதைக் கவனிக்கவில்லை. மனோஜ் கவனித்தான்.

தண்ணீர் கடலுக்கு இறங்கத் தொடங்கியபோது எல்லப்பனின் சிரிப்பு நின்றது. கையை உயர்த்தினான். சின்ன ஓடை ஒன்று ஏரியில் சேருகிற வாயில், சேற்றுத் திட்டின் ஓரமாகக் குட்டி இறால்கள் கொத்தாகத் துள்ளின. பின்னாலேயே 'டப்' என்று ஒரு சத்தம்.

"கொடுவா" என்றான் மெதுவாக. "மேயுது. அந்தத் திட்டு ஓரமாப் போடு யக்கா."

"நீ போடுக்கா" என்று ராடை நீட்டினாள் செசிலியா. கோமளா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவது, திட்டுக்கு ஒரு சாண் தள்ளி, இலை விழுகிற மாதிரி விழுந்தது. இடது கையால் லைனை இழுத்தாள், நிறுத்தினாள், இழுத்தாள். ஈர லைன் ஆள்காட்டி விரலின் மேல் சொரசொரவென்று ஓடி வந்தது. மூன்றாவது இழுப்பில் ஓட்டம் நின்றது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, தண்ணீர் கலங்கக்கூட இல்லை. விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது: மறுமுனையில் ஏதோ உயிர்.

"இருக்கு!" என்று கத்தினாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்ல அவளால் முடியாது. வெள்ளிப் பாளமாக ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து தலையை உதறியது. ரீல் கிர்ரென்று கதறியது. "இழுக்காத, ஓட விடு! இப்ப சுத்து!" என்று கோமளா ஒரு பக்கம், "ஓடைக்குள்ள விட்றாத!" என்று எல்லப்பன் ஒரு பக்கம். தோள் எரிந்தது. "கை வலிக்குதுக்கா, நீ வாங்கிக்கோ" என்றாள். "வலிக்கட்டும். உன் மீனு" என்றாள் கோமளா. மனோஜ் அவளுக்குப் பின்னால் வந்து, ராடைத் தொடாமல், அவள் வழுக்கி விழாதபடி முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரம் கழித்து, இடுப்பளவுத் தண்ணீரில் குதித்திருந்த எல்லப்பன் கொடுவாவை வாயோடு பிடித்துத் தூக்கினான். மூன்று கிலோ இருக்கும். உதட்டோரத்தில், ஒரு கால் பிய்ந்த நிலையில், வெள்ளி ஜரிகை இறால்.

"கோழி ரெக்கைக்கு வந்துச்சே" என்றான் எல்லப்பன். குரலில் கேலி போய்விட்டிருந்தது.

வழக்கமாகப் பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன் என்றாள் கோமளா. அதைக் கேட்ட எல்லப்பன், தப்பு ஏதோ காதில் விழுந்தவன்போல மனோஜைப் பார்த்தான். "உன் இஷ்டம் செசி. விடணும்னா விடு" என்றாள் கோமளா.

செசிலியா மீனை வாங்கி மார்போடு அணைத்துப் பிடித்தாள். பிறகு ஒரு கையை முகத்தருகே கொண்டுபோனாள். கொடுவாவின் வழவழப்பு, சேறு, உப்பு எல்லாம் சேர்ந்த வாடை. குமட்டலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. வயிற்றில் வேறு ஏதோ ஒன்று கிள்ளியது.

"பசிக்குது" என்றாள்.

மனோஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தான்.

"அப்பாடா! இப்பத்தான் சரியாப் பேசுற யக்கா" என்று எல்லப்பன் மீனைப் படகில் போட்டான்.

மாங்காய் போட்டு அவளே குழம்பு வைத்தாள். உப்பு ஒரு கல் அதிகம், யாரும் சொல்லவில்லை. எல்லப்பன் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டான். போகும்போது, "இன்னும் ரெண்டு இருக்குதா அந்த இறாலு? சும்மா, வெச்சுப் பாக்கத்தான்" என்று தலையைச் சொறிந்தான், கோமளாவின் டப்பாவில் மிச்சமிருந்த நாலையும் எடுத்துக்கொண்டு போனான்.

மாலை பஸ்ஸுக்குக் கோமளாவை ஏற்றிவிட இருவரும் போனார்கள். வழியெல்லாம் செசிலியா வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே வந்தாள். எலுமிச்சம்பழத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, ராடை வாங்கிக்கொள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு. பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் இன்னாக்கா சொல்றது உனக்கு?"

"ஒண்ணும் சொல்லாத. ஆறு இறாலு கட்டி வெய்யி. அந்த எல்லப்பன் எல்லாத்தையும் அள்ளிக்கினு போயிட்டான். அடுத்த மாசம் வெறும் முள்ள வெச்சுக்கினா வீசுவேன்?"

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கோமளாவின் கையைச் செசிலியா ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டாள். அந்தக் கை சூடாக இருந்தது, விரல்களில் உப்புப் பிசுக்கு இருந்தது, மோதிரம் சில்லென்று இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"மாதாவே, தோத்திரம்" என்று முணுமுணுத்துக்கொண்டு, தூசி அடங்கும் வரை நின்றாள்.