கையெழுத்து இல்லாத பிரமிடு

காலைக் காப்பி முடிந்ததும் சுந்தரராமன் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சமையலறையில் காய் நறுக்கியபடி சீதாலக்ஷ்மி கேட்பாள். மலையாள நாட்டுத் தலைநகரில், கோட்டைக்குள் இருந்த அந்தத் தமிழ் அக்ரஹாரத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இதுதான் வழக்கம். நாற்பது வருஷம் செய்தித்தாள். பிறகு அதை நிறுத்திவிட்டுச் செல்போன். குரல் மட்டும் அதே குரல். பாவம், அவளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

"இதைக் கேளு சீதா. எகிப்து பிரமிடை அந்த ஊர் மனுஷா கட்டவே இல்லையாம். வானத்திலேர்ந்து வந்தவா கட்டினதாம். கல்லறையும் இல்லையாம், சக்தி உண்டாக்கற யந்திரமாம். மழுங்கின பிளேடை உள்ளே வெச்சாக்கூடக் கூர்மையாயிடறதாம்."

பிளேடுக்கே கூர்மை வருமென்றால் கண்ணுக்கு வராதா என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி. அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய். மூன்று வருஷமாக இரண்டு வேளையும் சொட்டு மருந்து, போட்டால் ஒரே எரிச்சல். அதிலிருந்து விடுபட வழி கிடைத்ததென்று இருவருக்கும் சந்தோஷம்.

சுந்தரராமன் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. முப்பது வருஷம் மராமத்து இலாகாவில் வரைபடம் சரிபார்த்தவர். கீழே கையெழுத்து இல்லையென்றால் ஒரு சின்ன மதகின் வரைபடத்தைக்கூடத் தொடமாட்டார், மேலதிகாரி கத்தினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இதை எழுதியது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. சாலைக் கடைத்தெருவில் செம்புத் தகடு வாங்கி, அளவெடுத்து, தன் கையாலேயே ஒரு பிரமிடு செய்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். தினமும் அரை மணி நேரம் அவள் அதன் கீழே உட்கார்ந்தாள். சொட்டு மருந்து நின்றது. எரிச்சல் போனதும் நோயே போனதாக நினைத்தார்கள். அந்த நோய் வலிக்காது. சத்தமில்லாமல் பார்வையைத் தின்றுவிடும்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் டம்ளருக்கு வெளியே டிகாக்ஷனை ஊற்றினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போன பார்வை இனி திரும்பாது என்று டாக்டரம்மா மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்றும் கேட்டார். சுந்தரராமன் செல்போனைத் திறந்து தேடினார். பலமுறை பகிரப்பட்டது என்று இருந்ததே தவிர, அதில் ஒருவர் பெயரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிரமிடைக் கழற்றினார். தகட்டின் சத்தம் கேட்டுச் சீதாலக்ஷ்மி திரும்பினாள்.

"ஏன்னா, கையெழுத்து இல்லாத காகிதத்தை ஆபீஸ்ல தொடக்கூட மாட்டேளே. எனக்கு மட்டும் ஏன் படிச்சுக் காட்டினேள்?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தகட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் காப்பி முடிந்தது. பழக்கதோஷம், இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று கேட்டாள் அவள். அவர் செல்போனைத் திறந்தார். பிரமிடு ரகசியம் இன்னொன்று வந்திருந்தது.

"எழுதினது யாருன்னு இதுல இல்லை சீதா. பேரில்லாதவன் சொன்னதை நான் நம்பினேன், நான் சொன்னதை நீ நம்பினே. யார் சொன்னான்னு தெரியாததை இனிமே படிக்கவும் மாட்டேன், இன்னொருத்தருக்கு அனுப்பவும் மாட்டேன்."

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள் சீதாலக்ஷ்மி.

"நாளைலேர்ந்து பேப்பர் போடச் சொல்லுங்கோ. எனக்கு உங்க குரலை விட்டா வேற கண்ணு இல்லை."