தூக்கி நிற்கும் புருவம்

எங்கள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் பதவி கிடையாது என்று சொன்ன மேனேஜர் காரணத்தையும் சொன்னார். "நீ கெட்டிக்காரிதான். ஆனா நீ சூப்பர்சீலியஸ். உனக்குக் கீழ பொண்ணுங்க எப்படி வேலை செய்வாங்க?"

'சூப்பர்' என்று தொடங்கினாலும் அவர் முகத்தில் பாராட்டு மருந்துக்கும் இல்லை. இத்தனை வருடம் மாடாய் உழைத்ததற்குப் புரியாத பாஷையில் ஒரு குட்டு.

வீட்டில் தங்கையிடம் கேட்டேன். அவள் ஆங்கில டீச்சர்.

"திமிர் பிடிச்சவன்னு அர்த்தம்க்கா," என்றாள், காய் நறுக்கிக்கொண்டே.

"அதுக்கு எதுக்கு அவ்வளவு நீளமா ஒரு வார்த்தை?"

"லத்தீன்ல இருந்து வந்தது. சூப்பர்னா மேல, சிலியம்னா கண்ணிமை. இமைக்கு மேல இருக்கறது புருவம். புருவத்தைத் தூக்கி அடுத்தவங்களத் துச்சமா பாக்கறவங்களை..." என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை எனக்குப் பற்றி எரிந்தது. என் இடது புருவம் எப்போதும் தூக்கித்தான் நிற்கிறது. பட்டன் அடிக்கும் மெஷினிலிருந்து தெறித்த உலோகத் துண்டு கிழித்த புருவம் அது. மூடி இருந்தால் வேலை ஓடாது என்று அந்த மெஷினின் கண்ணாடி மூடியைக் கழற்றச் சொன்னவர் இதே மேனேஜர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்று தெருமுனை கிளினிக்கில் கோணல்மாணலாகத் தையல் போடவைத்தவரும் இவர்தான்.

மறுநாள் காலையில் நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், நீங்க சொன்ன வார்த்தை புருவத்துல இருந்து வந்ததாம். இந்தப் புருவம் இறங்காது. நீங்க தைக்கவெச்சது."

அவர் மேசையைப் பார்த்தார். "சரிம்மா, அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கறேன். பதவிய அடுத்த தடவை பாக்கலாம்."

"வார்த்தை கெடக்கட்டும் சார். மெஷினுக்கு மூடிய மாட்டுங்க."

"இந்த ஆர்டர் முடியட்டும்."

வெளியே வந்தேன். என் பழைய மெஷினில், புதிதாகச் சேர்ந்த பெண் மூக்கு உரசக் குனிந்து பட்டன் அடித்துக்கொண்டிருந்தாள். மூடி இல்லை. போய் சுவிட்சை அணைத்தேன். அவள் மிரண்டு எழுந்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன திமிருடி உனக்கு?"

"இப்பதான் சார் புரியற பாஷைல பேசறீங்க," என்றேன்.

சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. மூடி வரும்வரை எடுப்பதாகவும் இல்லை.