முன்ஜியும் நாயும் பார்க்காத துனிஸ்

பயறு பொறுக்கிக்கொண்டிருந்த வஸீலா பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மேஜையின் நடுவில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள்.

“இதுதான் அந்தப் பெரிய ரோடு. நடுவுல மரமா நிக்கும், பொழுது சாஞ்சா குருவிக் கூட்டம் வந்து காதை அடைக்கும்னு சொல்லுவியே, அது.” பக்கத்தில் ஒரு பாதாம்பருப்பு வந்தது. “இது பெல்வெதேர் தோட்டம்.” கொஞ்சம் தள்ளி ஓர் ஆலிவ். “இது கடல்.” ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து மேஜை விளிம்பில் வைத்தாள். “இது மியூசியம். எதை முதல்ல பாக்கலாம், சொல்லு. ஊரு தெரிஞ்சவன் நீதானே.”

முன்ஜி பேரீச்சம்பழத்தைக் கொஞ்சம் நகர்த்தினார், திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தார்.

அவர்களுடைய மலையூரான எல் கெஃபில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முன்ஜிக்கு துனிஸ் அத்துப்படி என்று. முப்பது வருஷத்துக்கு மேல் மலையிலிருந்து தலைநகரமான துனிஸுக்கு லுவாஜ் ஓட்டிய மனிதர். எட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்புகிற வண்டி அது. முழங்கால் மக்கர் பண்ணியதால் போன குளிர்காலத்தில்தான் அதைத் தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். ஆனால் உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த மனிதர் துனிஸில் கால் வைத்த இடம் பாப் சாதூன் வண்டி நிலையம் ஒன்றுதான். ஆட்களை இறக்கிவிட்டால், திரும்பி வர முறை போட்டுக் காத்திருக்க வேண்டும். முறை எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது டிரைவர் இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், அன்றைய பிழைப்பு போயிற்று. அதனால் அவர் நிலையத்து வாசலைத் தாண்டி நடந்ததே கிடையாது.

பிறகு அந்தக் குருவிகள், அந்தக் கடல், துறைமுகத்தில் பொரித்த மீன்? எல்லாம் பின் சீட்டுப் பயணிகள் பேசிக் கேட்டது. நாள் பூராவும் வீட்டில் தையல் மெஷினோடு கிடக்கிற மனைவிக்கு ஊரிலிருந்து ஏதாவது கொண்டுபோக வேண்டாமா என்று ஆசையாகத்தான் ஆரம்பித்தார். முதல் நாளே ‘யாரோ சொன்னாங்க’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ‘நான் பாத்தேன்’ என்று சொல்லித் தொலைத்தார். ஒரு தடவை பார்த்தவன் மறுநாளும் பார்க்க வேண்டியிருந்தது. இப்படியே வருஷக்கணக்காக அளந்துவிட்டார் மனிதர்.

வஸீலா துனிஸ் போனது ஒரே ஒரு தடவை, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு. பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தா. ‘நான் வண்டியை விட்டதும் உனக்கு ஊரையே சுத்திக் காட்டறேன்’ என்று அப்போது வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது வண்டியை விட்டாயிற்று. கூட்டிப் போனால் முதல் தெருமுனையிலேயே குட்டு வெளிப்பட்டு மானம் கப்பலேறிவிடும். போகாவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

நல்லவேளை, நாய் இருந்தது.

ஃபெல்ஃபெல் என்று பெயர். ஒரு காது நிமிர்ந்து ஒரு காது தொங்கிய தெருநாய். வீட்டில் தனியாக விட்டால் ஊளையிட்டுத் தெருவையே கூட்டிவிடும். போன தடவை அதை விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“எல்லாம் சரி வஸீலா, நாயை என்ன பண்றது?” என்றார் முன்ஜி, வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு.

“கூட்டிட்டுப் போறது.”

“நாயோட துனிஸா? நல்லா இருக்கே கூத்து. மியூசியத்துல நாயை விடுவானா?”

அவர் சொல்லி வாய் மூடுமுன் ஃபெல்ஃபெல் நாற்காலியில் முன்காலைப் போட்டு எம்பி, விளிம்பில் இருந்த ரொட்டியைக் கவ்விக்கொண்டு மேஜைக்கடியில் போய்விட்டது.

“மியூசியத்தை அது பாத்துடுச்சு,” என்றாள் வஸீலா. “மிச்சத்தை நாம பாப்போம்.”

“மசூதி முற்றத்துக்குள்ள விடமாட்டான். சாப்பாட்டுக் கடையில விடமாட்டான். தோட்டத்துல வேற மிருகக்காட்சி இருக்கு, இது போய்க் குரைச்சா சிங்கம் என்ன நினைக்கும்?”

“சிங்கம் நினைக்கறதை விடு. நான் எல்லாத்தையும் யோசிச்சுட்டேன்யா. நாய் போகக்கூடாத இடத்துல நான் உள்ள போய்ப் பாத்துட்டு வரேன். நீ வெளிய நாயைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நீதான் எல்லாத்தையும் பாத்தாச்சே.”

இந்த அடியை முன்ஜி எதிர்பார்க்கவில்லை. அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? ஊரான் வாயில் கேட்டுக் கேட்டே ஊறிப்போன ஆசை. தான் அளந்த கடலைத் தானே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வண்டி நிலையத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறார். இப்போது கடைசியில் வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலைதான் மிஞ்சியது. வாயைக் கொடுத்தவன் அவர், யாரைக் குறை சொல்வது?

அதற்காக விட்டுவிடுவாரா? மறுநாள் டீயில் புதினாவைப் போட்டபடியே அடுத்த சாக்கை எடுத்தார்.

“ஊசி போட்ட அத்தாட்சி இல்லாம நாயைப் பட்டணத்துல நடத்திட்டுப் போனா போலீஸ் பிடிப்பான்.”

“போன வாரமே மிருக டாக்டர்கிட்டப் போய்ப் போட்டாச்சு. நீ அப்ப சீட்டாடிட்டு இருந்த.”

“சரி, லுவாஜ்ல யாரு ஏத்துவா? அஞ்சாறு பேரு சண்டைக்கு வருவாங்க. என் வண்டியில நானே ஏத்தினது இல்ல.”

வஸீலா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். வெயில் சாய்வதற்குள் திரும்பிவிட்டாள். நேராக வண்டி நிலையத்துக்கே போய், முன்ஜியோடு ஓட்டிய ஷெட்லியைப் பிடித்துப் பேசியிருந்தாள். வியாழக்கிழமை முதல் வண்டி. பின் சீட்டு முழுக்க இவர்களுக்கு, காலடியில் சாக்கு விரித்து நாய்க்கு. மற்றவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதிக்கிறவர்களை மட்டும் ஷெட்லி ஏற்றுவானாம்.

“‘முன்ஜி அண்ணனோட வீட்டுக்காரி கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனாக்கா?’ன்னு கேட்டான்,” என்றாள். “பொழுதுக்கும் உன் பேச்சுதான்.”

முன்ஜி அந்த ஷெட்லியை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினார்.

ஆனாலும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். இறங்கியதும் ஒரு டாக்ஸியைப் பிடிக்க வேண்டியது, ‘கடலுக்கு விடுப்பா’ என்று அதிகாரமாகச் சொல்ல வேண்டியது. டாக்ஸிக்காரனுக்கு வழி தெரியும். தான் சும்மா ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டு வந்தால் போதும். இதை நினைத்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை வஸீலா கல்யாணத்துக்குப் போடுகிற அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவித்த முட்டையும் ஹரிஸா மிளகாய் விழுதும் வைத்த ரொட்டி கட்டியிருந்தாள், நாய்க்குத் தனியாக ஹரிஸா இல்லாமல். வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, “இவரும் துனிஸ் பாக்கத்தான் வர்றாரா?” என்று நாயைக் காட்டிக் கேட்டார். “ஆமா, மாமா. எங்க மூணு பேர்ல ரெண்டு பேரு புதுசு,” என்றாள் வஸீலா. வண்டியே சிரித்தது. முன்ஜியும் சிரித்து வைத்தார்.

வழி நெடுக அவள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கோதுமை வயல்கள் முடிந்து கட்டடங்கள் வர ஆரம்பித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது. பாவம், இவ்வளவு ஆசையை எங்கே வைத்திருந்தாளோ என்று நினைத்தார். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பாப் சாதூனில் இறங்கினார்கள். முன்ஜி நிலையத்து வாசலில் நின்று கம்பீரமாகக் கையைக் காட்டினார். ஒரு மஞ்சள் டாக்ஸி நின்றது. டிரைவர் நாயைப் பார்த்தான், தலையை ஆட்டினான், போய்விட்டான். அடுத்தவன் நிற்கவே இல்லை. மூன்றாவது ஆள் கண்ணாடியை இறக்கி, “சீட்டுக் கவர் நேத்துதான் மாத்தினேன், மாமா. மன்னிச்சுக்கங்க,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். முன்ஜி நாயைப் பார்த்தார். இத்தனை நாள் எந்த நாயின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாரோ, அதே நாய் இப்போது நட்டநடு ரோட்டில் கவிழ்த்துவிட்டது.

“டாக்ஸி எதுக்கு? நடப்போம்,” என்றாள் வஸீலா. “எந்தப் பக்கம்?”

இடது பக்கம் ஒரு ரோடு போயிற்று. வலது பக்கம் ஒன்று. எதிரே இன்னும் இரண்டு. முன்ஜி தொண்டையைக் கனைத்தார்.

“முன்ஜி அண்ணே.” சத்தம் பின்னாலிருந்து வந்தது. நிலையத்துக்குள் சாண்ட்விச் கடை வைத்திருக்கும் ஸாலஹ் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான். “எவ்வளவு நாளாச்சு. வாங்க, உக்காருங்க.” கடையோரத்தில் சாய்த்து வைத்திருந்த, உட்காரும் இடம் கயிற்றால் பின்னிய ஒரு பழைய நாற்காலியை எடுத்துவந்து போட்டான். “யாரையும் இதுல உக்கார விடறதில்ல அண்ணி. அண்ணன் நாற்காலி. இத்தனை வருஷமும் இதுலயேதான் உக்காந்து கெடந்தாரு. ஒரு எட்டு கடல் வரைக்கும் போய்ட்டு வாங்கண்ணேன்னு நான் தலையால அடிச்சுக்குவேன். முறை போயிடும்டான்னு அசைய மாட்டாரு. இன்னிக்கித்தான் முதல் தடவையா வாசல் தாண்டிப் பாக்கறேன்.”

அவன் டீ எடுத்துவரப் போனான். முன்ஜி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சுட்டது.

வஸீலா அந்த நாற்காலியை வெகுநேரம் பார்த்தாள். கயிறு நடுவில் குழிந்து தொங்கியது. அதில் உட்கார்ந்தாள். நாய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

“நீ கடலைப் பாத்ததே இல்லையா?”

“இல்ல.”

“அந்தக் குருவி?”

“ஒரு ஸ்கூல் வாத்தியார் சொன்னாரு. பின் சீட்டுல.”

“அந்தப் பொரிச்ச மீன்?”

“அதை நிறையப் பேரு சொன்னாங்க,” என்றார் முன்ஜி. “உனக்கு ஏதாவது கொண்டுவரணும்னுதான், வஸீலா. வேற என்ன இருந்துச்சு என்கிட்ட?”

திட்டப்போகிறாள் என்று நின்றார். திட்டியிருந்தால் அவருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும் இருந்தது.

“நான் உன் மேல எவ்வளவு கடுப்புல இருந்தேன்னு உனக்குத் தெரியுமாய்யா? நான் இங்க ஊசியைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கறேன், இவன் தினம் தினம் என்னை விட்டுட்டு ஊர் சுத்தி வந்து கதை வேற சொல்றானேன்னு. நீ கடல்னு ஆரம்பிக்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். உன் ஷோர்பா சூப் ஏன் என்னிக்குமே ஆறிப்போய் இருந்துச்சுன்னு நினைச்ச?”

“நான் லேட்டா வந்ததால.”

“உன் வண்டிச் சத்தம் தெருமுனையில கேக்கும். அப்பவே அடுப்பை அணைச்சு, மூடியைத் திறந்து வெச்சுடுவேன். வேணும்னே. இத்தனை வருஷமும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீ என்னடான்னா இங்க இந்த நாற்காலியில உக்காந்திருந்திருக்க.”

ஸாலஹ் டீ கொண்டுவந்தான். வஸீலா எழுந்துகொண்டாள், இருவரும் நின்றபடியே குடித்தார்கள். முன்ஜி வாழ்நாளில் முதல் தடவையாக ஸாலஹிடம் கடலுக்கு வழி கேட்டார். அவன் வியப்பாகப் பார்த்துவிட்டு, எந்த பஸ், எங்கே இறங்கி எந்த ரயில், நாயோடு போனால் எந்த வழியாக நடக்கலாம் என்றெல்லாம் அடுக்கினான். பாதிக்கு மேல் முன்ஜிக்கு மண்டையில் ஏறவில்லை.

ரோட்டைக் கடந்து முதல் திருப்பத்துக்கு வந்ததும் வஸீலா நின்றாள்.

“இப்ப எந்தப் பக்கம்?”

“தெரியல,” என்றார் முன்ஜி.

அவள் நாயின் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு ராத்திரி ஷோர்பாவைச் சூடா ஊத்தறேன்,” என்றாள்.